இறக்கை தைத்தவர்

கிழிசலைக் கண்டால் அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காது. அது யாருடைய கிழிசல் என்ற கேள்வியே கிடையாது. டிராமில் எதிரே உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத ஆளின் சட்டைப்பை பிரிந்து தொங்கினால், கொஞ்சம் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தன் காலரின் உள்பக்கம் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்துவிடுவார். அந்த ஆள் இறங்க வேண்டிய இடம் போய்விடும். ஒருமுறை ஒரு போலீஸ்காரர் இப்படி இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி, திட்டுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் நின்றதை நானே பார்த்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் விளங்காது. அந்த நாளில் ரங்கூனில், பபேடான் பேட்டைப் பக்கத்து நம் ஜனங்களுக்கெல்லாம் அவர் ஜெர்மன்காரர்தான். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவர், நிறத்தில் என்னையே தோற்கடிக்கிறவர். பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையின்போது ஜெர்மன்காரர்களிடம் கைதியாக இருந்தார் என்பதாலும், நூல் சிக்கிக்கொண்டால் அந்த பாஷையில் முணுமுணுப்பார் என்பதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் சயாமா. வாத்தியாரம்மாவைப் பர்மியர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் பையனும் மாடியில், அவர் தனியாளாகக் கீழ் அறையில். எனக்கு முன்கோபம் அதிகம். அதைவிட மோசமாக, அடுத்தவர் காரியத்தை அவரைக் கேட்காமலே நான் முடிவு செய்துவிடுகிற புத்தி ஒன்றும் உண்டு. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

அவருக்கு அலோன் துறைமுகத்தில் தார்ப்பாய் தைக்கிற வேலை. காலையில் ஆற்றின்மேல் பனி கலையும் முன்னே போவார், சாயங்காலம் விரல் நுனியெல்லாம் தார் பூசிக்கொண்டு வருவார். வந்தும் ஓய மாட்டார். தெருமுனையில் மொய்ங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய சேமியா விற்கிற டோ சேன் அம்மாவின் பெரிய குடை ஒரு மழையில் கிழிந்தபோது, கொட்டுகிற மழையிலேயே நின்று அதைத் தைத்தார். தைத்து முடித்துக் குடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தையலுக்கும் தையலுக்கும் நடுவே நகத்தை நுழைத்துப் பார்த்து, பிடிக்காமல் மொத்தத்தையும் பிரித்து மறுபடியும் தைத்தார். இவ்வளவு பாடுபடுகிறவனுக்குத் தன்மேல் ஏதோ ஆசை இருக்க வேண்டும் என்று டோ சேன் முடிவு கட்டிவிட்டாள். ஒரு வாரம் அவருக்குத் தினமும் இலவச மொய்ங்கா. தெருவே கேலி செய்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

கோயில் திருவிழாவில் சாமிக்குப் பிடிக்கிற குடை ஓரத்தில் ஒரு விரல் நீளம் பிரிந்திருந்தது என்று ஊர்வலத்தையே நிறுத்தினவர் அவர். பூசாரிக்கு அருள் வராமலேயே ஆட்டம் வந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவரோ ஊசியைக் கையில் பிடித்தபடி, காத்து அடிச்சா விட்டுக்கொண்டே போகும், விட்டுக்கொண்டே போகும் என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று. ஆள் பாரம் தாங்குகிற எதையும் அவர் தைக்க மாட்டார். கப்பலின் வெளிப்பக்கத்துக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் கயிற்றில் தொங்குவதற்குக் கித்தானில் இருக்கை தைப்பார்கள். அதைத் தைக்கச் சொன்னபோது மாட்டேன் என்றார். மேஸ்திரி கத்தினார், அவரைச் சாக்குத் தைக்கிற இடத்துக்குத் தள்ளினார். பேசாமல் போய்ச் சாக்குத் தைத்தார். என் தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, ஒரு கித்தான் தொட்டில் தைத்துத் தரும்படி நான் கேட்டேன். ஊர் குடையெல்லாம் தைக்கிறவர் தொட்டிலா தைக்க மாட்டார் என்ற நினைப்பு எனக்கு.  அவர் துணியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை.

பிறகு ரங்கூனுக்கு ஒரு விமானம் வந்தது. எங்கிருந்தோ எங்கேயோ போகிற வழியில் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். பர்மியர், சீனர், நம்மவர் என்று ஊரே புல்லில் திரண்டு நின்றது. அவர் வர மாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தார். கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். கயிற்றுக்கு அடியில் நுழைந்து நேராக விமானத்தண்டை போய்விட்டார். இரண்டடுக்கு இறக்கையில் கீழ் இறக்கையின் அடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தையலோரமாக மெல்லத் தடவிக்கொண்டே போனார். காவல்காரன் வந்து நெட்டித் தள்ளினான். புல்லில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. என்னத்துக்கென்று அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். நான் நோட்டுப் புத்தகம் திருத்துவேன், என் வீட்டுக்காரர் தூங்குவார், மழை தகரத்தின்மேல் சீராகப் பெய்துகொண்டிருக்கும். ஊசியை இழுக்கிறபோது ஒரு வாக்கியம், முடிச்சுப் போடும்போது மௌனம். நேற்று நடந்ததா பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்ததா என்று தெரியாத ஒரு குரல். கேட்டுக்கொண்டே நான் பாதித் தூக்கத்துக்குப் போய்விடுவேன், ஆனாலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

சரக்குக் கப்பலில் பாய் தைக்கிற வேலை அவருக்கு. சண்டையில் கப்பலை மூழ்கடித்து ஆட்களைக் கைதியாகப் பிடித்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். துணி தைக்கத் தெரிந்தவன் என்று கண்டுகொண்டு, அங்கிருந்து ரயிலேற்றிப் பிரெஞ்சு தேசத்துக்கு அனுப்பினார்கள். பீட்ரூட் வயல்களுக்கு நடுவே ஒரு புல்வெளி. புல்வெளியில் பெரிய பெரிய கூடாரங்கள், கூடாரத்துக்குள் விமானங்கள். வானத்தில் வேட்டையாடுவதற்கென்றே ஜெர்மன் ராணுவம் தனியாகச் சேர்த்த முதல் சில படைகளில் அதுவும் ஒன்று. அதுவரை வேவு பார்க்கிற விமானத்துக்குத் துணையாக ஒன்றும் இரண்டுமாகப் பறந்தவர்களை ஒன்றுசேர்த்து, பன்னிரண்டு பேரைக் கூட்டமாகப் பறக்கவிட்டார்கள். தொடக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், விமானம் இல்லை. மூன்று நான்கு பழசுகளை முறை வைத்து ஓட்டினார்கள். பிறகு ரயிலில் புதுசு வந்தது. உடம்பு மெல்லிய பலகை, இறக்கை மட்டும் துணி. அந்தத் துணிக்குப் பூசுகிற பசையில் கனிந்த வாழைப்பழ வாசனை அடிக்குமாம். சுற்றிலும் பனி, மரத்தில் ஓர் இலை கிடையாது, கூடாரத்துக்குள் மட்டும் வாழைப்பழ வாசனை. கண்ணை மூடினால் நாகப்பட்டினம், திறந்தால் பனி என்று சொன்னார்.

அடுத்த வசந்தத்தில் ஒவ்வொருவனும் தன் விமானத்துக்கு இஷ்டப்பட்ட வர்ணம் அடித்துக்கொண்டான். ஒருவனுக்குச் சிவப்பு வால், ஒருவனுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம். எல்லாரிலும் வயதில் சின்னவனுக்கு மஞ்சள் மூக்கு. அவனைத்தான் இவர் சின்னவன் என்பார். பத்தொன்பது வயது. இவருக்கு ஜெர்மன் பேசச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அந்த வசந்தத்தில் அவர்கள் துரத்தினதெல்லாம் விழுந்தது. கோடையில் எதிர்ப்பக்கம் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தது, இவர்கள் பக்கம் சாப்பாட்டு மேஜையில் முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. கூடாரத்தைச் சுருட்டி ரயிலில் ஏற்றி, வயல் வயலாக இடம் மாறினார்கள். கடைசியில் தோற்றதும், விமானங்களை எதிரியிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. மனசு வராமல் சிலதைத் தாங்களே உடைத்துப் போட்டார்கள். முதல் நாள் வந்தவர்களில் அன்றைக்கு மிச்சமிருந்தது ஒருவரோ இருவரோ.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். மஞ்சள் மூக்கு விமானம் ஒன்று ரங்கூன் ஆற்றின்மேல் சத்தமில்லாமல் தாழப் பறந்து போகும். படகுக்காரர்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் கரையில் நின்று கையை ஆட்டுவேன். விழித்தால் வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், எழுந்திருக்கவே பிடிக்காது.

சின்னவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூன்று ஞாயிறு அதைச் சொல்லாமல் வேறெதையோ சொன்னார். நாலாவது ஞாயிறு ஊசியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

ஒருநாள் சின்னவன் இங்கிலீஷ்காரர் விமானம் ஒன்றை அந்த வயல் பக்கத்திலேயே விழவைத்தான். எல்லாரும் ஓடிப் பார்த்தார்கள். உள்ளே செத்துக் கிடந்தவனும் அதே வயதுப் பையன். அந்த விமானத்தின் எண் எழுதியிருந்த துணியை அறுத்துக்கொண்டுவந்து, சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு ஓரம் மடித்துத் தரச் சொல்லி இவரிடமே கொடுத்தார்கள். தைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுச் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்துக்கொண்டே இவர் கையில் ஒரு துண்டு சாக்லேட்டை வைத்தான். மறுநாள் காலை அவனுடைய விமானத்தின் கீழ் இறக்கையில் குண்டு கிழித்த இடத்துக்கு ஒட்டுத் தைக்கிற வேலை வந்தது. தைத்துக்கொண்டே வந்தவர், நான்கு விரல் அகலத்தைத் தைக்காமல் விட்டுவிட்டு மேலே பசையைப் பூசி மூடிவிட்டார்.

“மூணு நாளு பறந்தான் சயாமா. மூணு தடவையும் நல்லபடியாத் திரும்பி வந்தான். மூணு தடவையும் ஊசி என் கையிலதான் இருந்துச்சு” என்றார்.

நாலாம் நாள் அந்த இறக்கை வானத்திலேயே பிய்ந்துகொண்டது. அந்த மாதிரி விமானத்துக்குக் கீழ் இறக்கை பலவீனம், அந்த வருஷம் வேறு படைகளிலும் சிலருக்கு அப்படியே முறிந்தது என்று மெக்கானிக்குகள் பேசிக்கொண்டார்கள். யாரும் இவரைச் சந்தேகப்படவில்லை. மரத்தால் போனதா, தன் தையலால் போனதா என்பது இவருக்கே தெரியாது. அது தெரியாமலே செத்துப் போகலாம், ஆனால் யாரிடமும் சொல்லாமல் சாக முடியவில்லை என்றார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒருத்தியிடம். அவர் நூல் சுற்றி வைத்திருந்த மடித்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். அது ஒரு பழைய உறை. நூல் சுற்றிக்கொள்ளச் சொல்லிச் சின்னவன் கொடுத்தது. பின்பக்கம் அவனுடைய அம்மாவின் விலாசம். அவளுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். அவருக்கு எந்த பாஷையிலும் எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஜெர்மன் தெரியாது. இங்கிலீஷில் எழுதுவோம், அந்த ஊரில் படித்துச் சொல்ல யாராவது இருப்பார்கள் என்று சொன்னேன்.

இரண்டு ஞாயிறு எழுதினோம். கூடாரம், பனி, வாழைப்பழ வாசனை, மஞ்சள் மூக்கு, சின்னவன் சொல்லிக்கொடுத்த முதல் ஜெர்மன் வார்த்தை எல்லாம் போட்டோம். கடைசியில், தைக்காமல் விட்டதைச் சொல்கிற அந்த வரி வந்தது. அவர் தலையைக் குனிந்து சொன்னார். நான் பேனாவை ஓட்டினேன். ஆனால் அந்த வரியை எழுதவில்லை.

ஏன் என்றால், என் பையன் அப்போது பக்கத்து அறையில் சட்டையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். எட்டு ஒன்பது வருஷமாக அழுது தேறியிருக்கிற ஒரு தாய்க்கு இப்படி ஒன்றைத் தபாலில் அனுப்புவது மகா பாவம் என்று பட்டது. இந்த அப்பாவி மனிதருக்கு எதற்கு இந்த வம்பு என்றும் தோன்றியது. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த இடத்தில் உங்கள் மகன் எல்லாரிடமும் அன்பாக இருந்தான் என்று நானாக ஒரு வரி எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். எழுதாத அந்த வரியையும் சேர்த்துத் தமிழில் படித்துக் காட்டினேன், ஒரு வார்த்தை தடுக்காமல்.

கடிதம் போன மறுவாரம் அவர் மாடியேறி வந்து, தங்கச்சி பிள்ளைக்குத் தொட்டில் துணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தைத்தார். பிள்ளையை அதில் போட்டபோது பக்கத்திலேயே நின்று, அது தூங்கும்வரை ஆட்டினார். துறைமுகத்தில் வர்ணக்காரர்களின் இருக்கையும் தைக்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. நான் செய்தது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தத் தொட்டிலை ஆட்டச் சொன்னால், வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுவேன்.

பதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது வந்தது. தட்டச்சு செய்த ஒரே தாள், முழுக்க ஜெர்மனில். ஜெர்மன் தெரிந்த பாதிரியார் யாரையாவது தேடலாம் என்றேன். வேண்டாம் என்றார் அவர்.

“எழுத்து உங்களுக்குத் தெரியும், பாஷை எனக்குத் தெரியும். நீங்க வாய்விட்டுப் படிங்க, போதும்” என்றார்.

அர்த்தம் தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். நான் தப்பாகச் சொன்னதை அவர் சரியாக முணுமுணுத்துக்கொள்வார், பிறகு தலையசைப்பார். மழை பெய்துகொண்டிருந்தது. என் வாயிலிருந்து என்ன போகிறது என்று எனக்கே தெரியாமல் படிப்பது தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் முகம் முதலில் மலர்ந்தது. பாதித் தாளில் ஓர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன். சுவரில் சாய்ந்துகொண்டார். மிச்சத்தையும் படித்து முடித்தேன். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். திருப்பிக் காட்டினேன், வெறும் தாள்.

என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். இங்கிலீஷ் கடிதத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னாராம். உனக்கு எங்கள் பாஷை தெரியும் என்று மகன் சொல்லியிருக்கிறான், அதனால் ஜெர்மனிலேயே எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தாளாம். மகனைப் பார்த்த ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதல், இன்னும் எழுத வேண்டும், நினைவிருக்கிற எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பிறகு, மகனுடைய கடைசிக் கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதியிருந்தாள். நான் மூன்று தடவை படித்த வரி அதுதான்.

“அம்மா, நீ பயப்படாதே. எங்க இறக்கையை ஒரு கறுப்பு மனுஷர் தைக்கிறார். அவர் தைச்ச இடத்துல கையை வெச்சுப் பார்த்துட்டுத்தான் நான் ஏறுறேன்.”

 அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க அதை எழுதலை” என்றார்.

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டேன். உங்கள் நல்லதுக்குத்தான், அவள் நல்லதுக்குத்தான் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குத் தெரிந்த பாஷை அது, நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இன்னொரு தாள் எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

“அண்ணே, இதுக்கப்புறமுமா எழுதணும்? இந்த உலகத்துல உங்களுக்கு யாரு இருக்கா? அவளாவது இருக்கட்டுமே.”

“இதுக்கப்புறம்தான் சயாமா எழுதணும்.”

தாளை எடுத்தேன். அவர் சொன்னார், நான் எழுதினேன். உங்கள் மகன் கை வைத்துப் பார்த்த இடத்தில், நான் வேண்டுமென்றே, என்கிற வரைக்கும் வந்தது. அங்கே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நாலு விரல்னு வருதுல்ல, அந்த நாலை எழுத்துல எழுதாதீங்க. எண்ணாப் போடுங்க. எனக்கு எண் தெரியும்.”

போட்டேன். அவர் குனிந்து, அது அங்கே இருக்கிறதா என்று பார்த்தார்.